டிரான்சிஸ்டர் மலிவு, அதன் காலை இணைப்பதுதான் செலவு

கேள்வி: உதிரி டிரான்சிஸ்டர்களை மட்டும் வைத்து ஒரு 8 பிட் ப்ராசஸர் கட்ட நினைக்கிறேன். பிசி547 ஒன்று 2 ரூபாய். ஆயிரம் வாங்கினால் 2,000 ரூபாய்தானே? கட்டியவர்கள் சொல்லும் தொகையோ இதற்குப் பல மடங்கு. எங்கே தப்பு?

பதில்: டிரான்சிஸ்டர் விலையில் தப்பில்லை. அதன் மூன்று காலையும் (கலெக்டர், பேஸ், எமிட்டர்) எதனோடு, எதன் மீது இணைப்பது என்பதுதான் விட்டுப்போயிற்று. இந்த வேலையில் பாகங்களை எண்ணாதீர்கள், சால்டர் புள்ளிகளை எண்ணுங்கள்.

ஒரு அக்யுமுலேட்டர் (கணக்கின் விடை தங்கும் இடம்), 8 பிட் முகவரி, கூட்டல், கழித்தல், ஆண்ட், ஜம்ப் என்ற அளவில் சின்ன ப்ராசஸர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் நாண்ட் கேட்டாகவே (உள்ளீடு எல்லாம் 1 ஆனால் மட்டும் 0 தரும் சின்னச் சுற்று) போட்டால், ஒரு பிட்டை நினைவில் வைக்கும் டி ஃப்ளிப்ஃப்ளாப்புக்கு 6 கேட், ஒரு பிட்டைக் கூட்டும் ஃபுல் ஆடருக்கு 9 கேட். ரெஜிஸ்டர்களும் (எண்களை வைத்திருக்கும் இடங்கள்) கொடிகளும் (விடை பூஜ்யமா என்பது போன்ற ஒரு பிட் குறிப்புகள்) சேர்ந்து 34 பிட், அதற்கே 204 கேட். கணக்குப் பகுதி, அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் புரோகிராம் கவுண்டர், கன்ட்ரோல் எல்லாம் சேர்த்தால் 600 கேட் வரை போகும்.

கேட்டுக்கு டையோடு-டிரான்சிஸ்டர் முறையே நல்லது. இன்னொரு உள்ளீடு வேண்டுமென்றால் ஒரு டையோடு போதும், இன்னொரு டிரான்சிஸ்டர் தேவையில்லை. 1965இல் 18,000 டாலருக்கு வந்த பிடிபி-8 கணினியிலும் டிரான்சிஸ்டரைவிட டையோடுதான் பல மடங்கு அதிகம். ஒரு கேட்டுக்கு உள்ளீட்டு டையோடுகள், பேஸுக்கு முன்னால் வரிசையாக இரண்டு 1என்4148 டையோடு, ஒரு டிரான்சிஸ்டர், மூன்று ரெசிஸ்டர்: உள்ளீட்டுப் புள்ளியில் 10 கிலோஓம், கலெக்டரில் 4.7 கிலோஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோஓம். கடைசியை மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் சீக்கிரம் அணையாது.

600 கேட்டுக்கு டிரைவர்களும் (ஒரே சிக்னலைப் பல கேட்டுக்குத் தள்ளும் டிரான்சிஸ்டர்கள்) சேர்த்து 700 டிரான்சிஸ்டர், 2,700 டையோடு, 1,800 ரெசிஸ்டர். மொத்தமாக வாங்கினால் 5,000 ரூபாய்க்குள் முடியும். சால்டர் புள்ளிகளோ 11,000க்கு மேல். காலை வளைத்து, சொருகி, பற்றவைத்து, வெட்ட ஒரு புள்ளிக்கு 30 விநாடி வைத்தாலும் 90 மணி நேரத்துக்கு மேல். ஆயிரத்துக்கு ஒன்று கோளாறானாலும் 11 இடத்தில் தேட வேண்டும்.

அதனால்தான் பணம் வேறிடத்தில் போகிறது. ஒரு பிசிபியில் (சுற்றுத் தடம் அச்சிட்ட அட்டை) 25 கேட் என்றால் 24 அட்டை. இருபுறத் தடம், துளைக்குள் செம்புப் பூச்சு உள்ளதாக 10×16 செ.மீ. அட்டைகளுக்கு 10,000 ரூபாய் ஒதுக்குங்கள். அட்டைக்கு அட்டை கனெக்டர் வேண்டும், நல்லதாக வாங்கினால் அதற்கு 6,000. தாய்ப்பலகை, பெட்டி, சுவிட்ச், எல்இடி, அரை கிலோ சால்டர் என்று இன்னொரு 7,000. முதல் வடிவமைப்பில் இரண்டு மூன்று அட்டையாவது தப்பாக வரும், மறுபடி அடிக்க ஐந்தில் ஒரு பங்கு கூட வையுங்கள். ஆக 30,000 முதல் 35,000 ரூபாய். பவர் சப்ளைதான் எல்லோரும் பயப்படுவது, அதுதான் இதில் சாதாரணம். கேட்டுக்குச் சராசரி 1.2 மில்லிஆம்பியர், எல்இடிகளோடு 1 ஆம்பியரைத் தாண்டாது. 5 வோல்ட் 3 ஆம்பியர் போதும்.

இந்தத் தொகையில் மெமரி இல்லை. 2016இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் நியூமன் முடித்த மெகாபிராசஸர் என்ற டிரான்சிஸ்டர் கணினியில் ப்ராசஸருக்கு 15,300 டிரான்சிஸ்டர், வெறும் 256 பைட் மெமரிக்கு 27,000. செலவு ஏறத்தாழ 40,000 பவுண்ட். மெமரிக்கு 62256 சிப் ஒன்றைப் போட்டுவிடுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. புரோகிராமுக்கு மட்டும் கைவேலை காட்ட ஆசையிருந்தால் 32 பைட் டையோடு கட்டம் அழகாக இருக்கும். பிட்டுக்கு ஓரிடம், மொத்தம் 256 இடம். அவற்றில் ஏறத்தாழ பாதி இடத்தில்தான் டையோடு வரும்.

செலவை இன்னும் குறைக்க, எட்டு ஆடருக்குப் பதில் ஒரே ஆடரில் பிட் பிட்டாகக் கூட்டலாம். பிடிபி-8இன் மலிவு வடிவமான பிடிபி-8/எஸ் அப்படித்தான் 10,000 டாலருக்குக் கீழே இறங்கியது. நூறு கேட்டுக்கு மேல் மிச்சம், ஆனால் ஒரு கூட்டலுக்கு எட்டு க்ளாக் துடிப்பு.

தவறு எங்கே நேரும்? முதலில் கால் வரிசை. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, பிசி547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904க்கு நேர்மாறு. மாற்றிப் பொருத்தினாலும் டிரான்சிஸ்டர் செத்துவிடாது, பெருக்கம் மட்டும் பத்துக்கும் கீழே இறங்கும். தனியாகச் சோதித்தால் சரியாகவே வேலை செய்யும், பின்னால் இரண்டு மூன்று கேட்டைத் தொடுத்ததும் விழும். அட்டையைத் தாய்ப்பலகையில் சொருகிய பிறகுதான் இது தெரியும், அதனால் ஒவ்வோர் அட்டையையும் சுமையோடு சோதியுங்கள்.

அடுத்தது க்ளாக். மேலே சொன்ன மதிப்புகளில் ஒரு கேட் ஐந்து உள்ளீட்டைத் தைரியமாக இழுக்கும். க்ளாக்கோ 68 உள்ளீட்டுக்குப் போக வேண்டும். அட்டைக்கு ஒரு பிசி337 டிரைவர் வைத்து, எல்லா டிரைவரையும் ஒரே நிலையில் வையுங்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோத்தால் ஒரு ரெஜிஸ்டர் முந்தி, இன்னொன்று பிந்தி எழுதிவிடும்.

வேகத்தில் பேராசை வேண்டாம். முழுதாகத் திறந்த பிசி547 அணைய நேரம் எடுக்கும், கேட்டுக்கு 1 மைக்ரோவிநாடி தாமதம் என்று கணக்கிடுங்கள். 8 பிட் கூட்டலில் கேரி (அடுத்த பிட்டுக்குப் போகும் மிச்சம்) ஏறத்தாழ 20 கேட் தாண்ட வேண்டும், எனவே 20 கிலோஹெர்ட்ஸ் சுற்றிலேயே நில்லுங்கள். மெகாபிராசஸரும் அந்த அளவில்தான் ஓடுகிறது.

பிசிபிக்குப் பணம் கட்டும் முன் ஒரு பிரெட்போர்டில் 11 கேட்டை வளையமாகக் கோத்து, தானாகத் துடிக்கும் அதிர்வெண்ணை அளந்துவிடுங்கள். 45 கிலோஹெர்ட்ஸ் வந்தால் தாமதம் 1 மைக்ரோவிநாடி. அதிர்வெண் அதைவிடக் குறைவாக வந்தால் எல்லா ரெசிஸ்டரையும் பாதியாக்கிப் பாருங்கள். அப்போது பவர் சப்ளையின் ஆம்பியரையும் இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டியிருக்கும்.