ஒலி அலையிலிருந்து உடனடிப் படம்: நியூரல் நெட்வொர்க் என்ன செய்கிறது?

காட்பாடியில் அம்மாவுக்கு வயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் (உடலுக்குள் ஒலி அலை அனுப்பி, எதிரொலியில் படம் எடுப்பது) எடுத்தபோது படம் மங்கலாக வந்தது, ஏஐ இதைச் சரிசெய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு செய்யும்.

மங்கலுக்கு ஒரு முக்கியக் காரணம் ஒலியின் வேகம். உடலுக்குள் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டுதான் மெஷின் எதிரொலி வந்த நேரத்தை ஆழமாக மாற்றுகிறது. கொழுப்பிலோ சுமார் 1450 மீட்டர்தான். வேலூர்க் கோட்டை மதிலை நோக்கிக் குரல் கொடுத்து, எதிரொலி திரும்பும் நேரத்தில் தூரத்தைக் கணக்கிடுவது போலத்தான் இது; வேகம் தப்பென்றால் தூரமும் தப்பு, படமும் மங்கும்.

திரும்பிய அலை முழுவதையும் வைத்து, எந்தத் திசுவில் என்ன வேகம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். துல்லியம்தான், ஆனால் மணிக்கணக்கில் ஆகலாம். நியூரல் நெட்வொர்க், அதாவது மாதிரிகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் ஏஐ நிரல், ஏராளமான மாதிரிகளில் அந்த விடைகளை முன்பே பழகிக்கொள்கிறது. பயிற்சிக்குத்தான் நேரம் பிடிக்கும். அப்புறம் புது அலைகளைக் கொடுத்தால் நொடிக்குள் படம் தயார். டாக்டர் கையை நகர்த்த நகர்த்தப் படமும் மாறும்.

என் கவலை இதுதான்: பழகாத வகை உடலைக் கண்டால், இல்லாத கட்டியையும் தெளிவாக வரைந்துவிடலாம், இருப்பதை அழித்தும்விடலாம். நம் ஊர் நோயாளிகளிடம் சோதிக்காமல் இதை நம்பக் கூடாது.

இப்போதைக்கு, மறுபடி ஸ்கேன் தேவையா, வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குடல் வாயு குறைந்தாலே படம் தெளிவாகும்.