மரூஉ என்றால் என்ன? கொச்சைச் சொல்லைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

இல்லை, இரண்டும் வேறு வேறு. மரூஉ என்றால் பிழையான சொல் என்று பலர் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மருவுதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. ஒரு சொல் காலங்காலமாக நாவில் புழங்கித் தேய்ந்தும் திரிந்தும் போய், அந்தப் புது வடிவத்தையே படித்தவர்களும் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அது மரூஉ. நன்னூலில் பவணந்தி முனிவர் இதை இயல்பு வழக்கில், அதாவது ஒரு பொருளை அதற்கு இயல்பாக உள்ள சொல்லாலேயே சொல்லும் வழக்கில், ஒன்றாகவே வைத்திருக்கிறார்.

‘அருமந்த பிள்ளை’ என்கிறோமே, அது ‘அருமருந்தன்ன பிள்ளை’. அரிய மருந்து போன்ற பிள்ளை என்று பொருள். சொல்லிச் சொல்லி மருந்து பாதி கரைந்துவிட்டது, ‘அன்ன’ இருந்த இடமே தெரியவில்லை. ‘பெயர்’ என்பது ‘பேர்’ ஆனதும் அப்படித்தான். ‘பத்துப் பேர் வந்தார்கள்’ என்பதைப் ‘பத்துப் பெயர் வந்தார்கள்’ என்று இன்று யாராவது எழுதுவார்களா? ஆனால் வெற்றிலையை ‘வெத்தல’ என்பது இன்னும் பேச்சோடுதான் நிற்கிறது. அதை மரூஉ என்று சொல்ல முடியாது.

‘மரூஉ’ என்று எழுதும்போது கடைசி ‘உ’வை விட்டுவிடாதீர்கள். அது அளபெடை, ‘ரூ’வை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்காக வருவது. ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் ‘குழூஉக்குறி’ என்கிறோமே, அதில் வரும் ‘உ’வுக்கும் இதே கதைதான்.

அப்புறம், ஊர்ப்பெயர்கள். தஞ்சாவூர் தஞ்சை, கோயம்புத்தூர் கோவை, புதுச்சேரி புதுவை, சைதாப்பேட்டை சைதை. நாலு எழுத்தை உதிர்த்துவிட்டு ஐகாரத்தில் முடிப்பதில் நமக்கு அப்படி ஒரு ஆசை. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை, மயிலாப்பூரைச் சம்பந்தர் தேவாரத்திலேயே ‘மயிலை’ என்று பாடிவிட்டார்.

ஆனால் பயிற்சி நூல்களில் ‘கும்பகோணம் – குடந்தை’ என்று போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கும்பகோணம் எப்படித் தேய்ந்தாலும் ‘டந்தை’ எங்கிருந்து வரும்? குடந்தை அந்த ஊருக்குத் தனியாகவே இருந்த பழைய பெயர், ஆழ்வார் பாசுரங்களில் இருக்கிறது. தேவாரம் அதே ஊரைக் குடமூக்கு என்கிறது. ஓர் ஊருக்கு இரண்டு பெயர் இருந்தாலே ஒன்று மற்றொன்றின் மரூஉ ஆகிவிடாது. எந்த எழுத்து போனது, எது திரிந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும் ‘மருவியது’ என்று எழுதுங்கள்.