மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில், வழியில் டென்ட் போட்டுத் தங்கியபடி போக எப்படித் தயாராவது?

ரோதாங் கணவாய் வழியாகச் சுமார் 475 கி.மீ. நான் ஒருமுறை போயிருக்கிறேன், மொத்தம் 12 நாள் ஆனது. பத்து நாளில் முடிந்திருக்க வேண்டியது. மீதி இரண்டு நாள் எங்கே போனது என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஒரு நாளைக்கு இத்தனை கி.மீ. என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஜிஸ்பா 3,200 மீட்டர் உயரம். அங்கே இரவு தங்கிவிட்டு, அடுத்த நாள் கால் நன்றாக ஓடியதால் ஒரே மூச்சில் ஜிங்ஜிங்பார் வரை ஏறிவிட்டேன். தூரம் அதிகமில்லை, ஆனால் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடிவிட்டது. இரவு பத்து மணிக்குத் தலைவலி, அப்புறம் வாந்தி. டென்டுக்குள் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். காலையில் பட்சியோவுக்கு இறங்கி, இரண்டு இரவு அங்கேயே கிடந்த பிறகுதான் உடம்பு சரியானது.

அதனால் எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத் திட்டம் போடுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். தலைவலி வந்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள். இந்த உயர நோய்க்கு மாத்திரை எடுப்பதாக இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இந்த உயரத்துக்கு நம் ஊரில் பயிற்சி எடுக்கவே முடியாது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், வழியில் வரும் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல்.

கால்களுக்கு மட்டும் இங்கேயே பயிற்சி எடுக்கலாம். நான் நாமக்கல் பக்கம் என்பதால், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வாரம் ஒருமுறை ஏறினேன். முதல் மாதம் வெறும் சைக்கிள், அடுத்த மாதம் கேரியரின் இரு பக்கமும் பை கட்டி 18 கிலோ. சுமையோடு ஏறும்போதுதான் கியர் போதுமா என்று தெரியும். எனக்குப் போதவில்லை, பின்பக்கம் பெரிய பல்சக்கரமாக மாற்றிக்கொண்டேன். பஞ்சர் ஒட்டுவது, செயின் இணைப்பது, ஸ்போக் மாற்றுவது மூன்றையும் உங்கள் கையால் செய்து பழகுங்கள்.

சாப்பாட்டுக்கு அரிசி கொண்டுபோகாதீர்கள். வழியில் உயரத்தில் இருக்கும் பாங் பக்கத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது. அவல், நூடுல்ஸ், வறுத்த சத்துமாவு போதும். சீசனில் பரத்பூர், சர்ச்சு, பாங்கில் தாபாக்கள் இருக்கும், அதனால் இரண்டு நாள் உணவு கையிருப்பு இருந்தாலே போதுமானது. கேஸ் கேனை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோக விடமாட்டார்கள், மணாலியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலையைக் கடக்கும் ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடிவிடும். மோரே சமவெளியிலும் பிற்பகலில் காற்று முகத்தில் அடிக்கும். விடியலில் கிளம்பி இரண்டு மணிக்குள் டென்ட் போட்டுவிடுவது நல்லது. காய்ந்த ஓடைப் படுகையிலும், கல் உருளும் சரிவுக்குக் கீழேயும், ராணுவ முகாம் அருகிலும் டென்ட் போடாதீர்கள். தண்ணீர் ஃபில்டரை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பவர் பேங்கையும் குளிர் படாமல் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். குப்பை முழுவதையும் லே வரை எடுத்துச் செல்லுங்கள்.

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதிலும் கேலாங் தாண்டியபின் பெரும்பாலான இடங்களில் சிக்னல் இருக்காது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் அம்மாவிடம் நான் சொல்லாமல் போய், பட்சியோவில் கிடந்த அந்த இரண்டு நாளும் அவர் தூங்கவே இல்லை.

இன்னொன்று. இந்த வாரமே ஓர் இரவு மொட்டை மாடியில், இருட்டில், தலை விளக்கு மட்டும் வைத்து டென்டைக் கட்டிப் பாருங்கள். தரையில் ஆணி இறங்காது, கல்லை வைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். சர்ச்சுவிலும் பல இடங்களில் தரை அப்படித்தான்.