வாசகர் கேள்வி: புரோலாக்கில் பங்காளி உறவு

கேள்வி: ஐயா, நகரத்தாரின் ஒன்பது கோவில்களை வைத்து, இருவர் பங்காளிகளா (ஒரே கோவிலைச் சேர்ந்தவர்களா) எனக் கண்டறியும் நிரலை எஸ்டபிள்யூஐ-புரோலாக் என்ற நிரல்மொழி மென்பொருளில் எழுதி வருகிறேன். விதிகள் பெருகிவிட்டதால், எது எதற்கென்று மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்த மென்பொருளுடனேயே வரும் பிஎல்டாக் நூலகம், உங்கள் கணினியிலேயே ஓர் ஆவணச் சர்வரை இயக்கி, நீங்கள் எழுதிய விளக்கக் குறிப்புகளை உலாவியில் பக்கங்களாகக் காட்டும், இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. 4000 போன்ற ஒரு போர்ட் எண்ணை (சர்வரை அணுகும் வாயிலின் எண்) தந்து சர்வரைத் தொடங்கிய பிறகே உங்கள் கோப்புகளை ஏற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். ஏனெனில், நூலகம் இயங்கத் தொடங்கிய பின் ஏற்றப்படும் கோப்புகளின் குறிப்புகளையே அது திரட்டும். கோப்பைத் திருத்தியதும் ‘மேக்’ கட்டளையைக் கொடுத்தால், மாறிய கோப்புகள் மட்டும் மீண்டும் ஏற்றப்படும்.

குறிப்பை ‘%!’ என்று தொடங்கலாம். பங்காளி விதிக்கு, பங்காளி(+ஒருவர், ?மற்றவர்) என எழுதினால், முதல் பெயர் தெரிந்திருக்க வேண்டும், இரண்டாவது தெரிந்தோ தெரியாமலோ இருக்கலாம் என்று பொருள். ஒரே கோவிலைச் சேர்ந்த பலர் விடையாக வரக்கூடும் என்பதால் அதனை ‘நான்டெட்’ (விடை இல்லாமலும் போகலாம், பலவும் வரலாம்) என்று குறியுங்கள். இந்த ஒரு சொல்லைப் பலர் விட்டுவிடுவதே பின்னாளில் பெருங்குழப்பத்துக்குக் காரணமாகிறது என்பது என் உறுதியான கருத்து. இயல்பாக இச்சர்வர் உங்கள் கணினிக்கு மட்டுமே பதில் தரும். ஆகவே குடும்ப விவரங்களைப் பிறர் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம்.