உயிரினத்தொகைச் சூழலியலை (ஓர் இனத்தின் எண்ணிக்கை கூடுவதும் குறைவதும் பற்றிய பாடத்தை) வகுப்பில் நடத்துவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அறுபது மாணவர்கள், ஒரு கரும்பலகை. செயல்வழிக் கற்பித்தலை எங்கிருந்து தொடங்குவது? (விரிவுரையாளர், அரசுக் கல்லூரி)

பதில்: புளியங்கொட்டையிலிருந்து. ஐந்து பேருக்கு ஒரு டப்பா கொடுங்கள். மொத்தத்தை எண்ணக் கூடாது. 40 கொட்டைகளை எடுத்து நகச்சாயத்தில் பொட்டு வைத்து, திரும்பப் போட்டுக் குலுக்கட்டும். பிறகு பார்க்காமல் 50 எடுக்கட்டும். அதில் பொட்டுள்ளவை 8 என்றால் மொத்தம் 250. காட்டில் விலங்குகளைப் பிடித்து, குறியிட்டு விட்டு, மறுபடி பிடித்து மொத்தத்தை மதிப்பிடும் முறையும் இதுதான். சூத்திரத்தை நீங்கள் சொல்லவே வேண்டாம். விகிதக் கணக்கு தெரிந்த பிள்ளைகள் தாமே வந்து சேருவார்கள். இடையில் ஒரு குழுவின் டப்பாவிலிருந்து பொட்டுள்ள கொட்டைகள் பாதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். அவர்கள் விடை மட்டும் எகிறும். ஏன் என்று சண்டை வரும். குறி அழியக் கூடாது, குறியிட்டவை மட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனைகள் அந்தச் சண்டையில்தான் மண்டையில் ஏறும்.

கேள்வி: எண்ணிக்கை முதலில் வேகமாகப் பெருகி, பிறகு ஓர் எல்லையில் நிலைப்பதைச் சொல்லும் லாஜிஸ்டிக் சமன்பாட்டை எழுதியதுமே வகுப்பு தூங்கிவிடுகிறதே? (முதுகலை முடித்த புது ஆசிரியை)

பதில்: சமன்பாட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அம்மா. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் 29 கலைமான்களை இறக்கிவிட்டார்கள். 1957இல் சுமார் 1,350. 1963இல் சுமார் 6,000. ஓநாய் கிடையாது. இவ்வளவையும் பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே தாளில் வரைபடம் போட்டு, 1966இல் எத்தனை இருந்திருக்கும் என்று புள்ளி வைக்கட்டும். தாளை வாங்கிக்கொண்ட பிறகே பேசவிடுங்கள். இல்லையென்றால் முதல் பெஞ்ச் சொல்வதையே எல்லோரும் எழுதுவார்கள். பெரும்பாலோர் கோட்டைத் தட்டையாக முடிப்பார்கள், பாடநூல் படம் அப்படிப் பழக்கியிருக்கிறது. உண்மை விடை 42. குளிர்காலத் தீனியான லைக்கனை (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரி) மேய்ந்து தீர்த்திருந்தன. 1963-64 குளிர்காலம் கொடுமையாக வந்தது. இப்போது சமன்பாட்டை எழுதுங்கள். தாங்குதிறன், அதாவது ஓர் இடம் தாங்கக்கூடிய எண்ணிக்கை, மாறாத எண்ணாக அதில் நிற்பது ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

கேள்வி: பாடத்திட்டம் முடியாதே? (துறைத்தலைவர்)

பதில்: வரையறைகளை வீட்டுக்கு அனுப்புங்கள், ஐயா. 2014இல் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: செயல்வழியில் படித்தவர்களைவிட விரிவுரை மட்டும் கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. முடித்த பாடத்தில் தோற்பதைவிடக் குறைத்து நடத்துவது மேல்.

கேள்வி: உயிருள்ள எதையாவது வளர்க்கலாமா? (இளங்கலை மாணவர்)

பதில்: வண்டு விழுந்த பச்சைப்பயறு போதும், மளிகைக்காரர் கொடுத்துவிட்டு ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. முட்டைகள் பயறின் மேல் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும், வெறுங்கண்ணால் எண்ணலாம். ஒரே அளவு பயறில் ஒரு ஜோடி, ஐந்து ஜோடி, இருபது ஜோடி என விடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளிவரும். ஒரு பெண் வண்டுக்கு எத்தனை குஞ்சு என்று வகுத்துப் பாருங்கள். நெரிசல் கூடிய பாட்டிலில் அது குறைந்திருக்கும்.