இருபது சீட்டுகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. கரூரில் வங்கி வேலை. தினமும் திருச்சியிலிருந்து ரயிலில் போய்வருகிறேன். அந்த நேரம் முழுக்கப் படிப்புதான். கடந்த மூன்று வருடங்களில் இளையோருக்காக எழுதப்பட்ட ஃபேன்டஸி, டிஸ்டோபியா (கொடிய ஆட்சி நடக்கும் கற்பனை உலகக் கதை) நாவல்கள் எழுபதுக்கு மேல் படித்திருப்பேன். வேறு எதுவும் என்னை இப்படி இழுப்பதில்லை.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்பும், "பிள்ளைங்க புத்தகத்தை முடிச்சுட்டு எப்பம்மா பெரியவங்க புத்தகத்துக்கு வருவீங்க?" என்று கேட்டார். "டைம்பாஸுக்குத்தான் சார் படிக்கிறேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வயதில் இதையெல்லாம் படிப்பது மனம் வளராததன் அடையாளமா? இதிலிருந்து தீவிர இலக்கியத்துக்குப் போக ஐந்து புத்தகங்கள் சொல்வீர்களா?

இன்னொன்று. இப்போது 'தி ஹங்கர் கேம்ஸ்' இரண்டாம் முறை படிக்கிறேன். ஆரம்பத்தில் வேட்டை, சந்தை, சாப்பாடு என்று மெதுவாகப் போகிறது. அதைத் தள்ளிவிட்டுப் போட்டி தொடங்கும் இடத்திலிருந்து படித்தேன். அப்படிப் படிக்கலாம்தானே?

ம.,
திருச்சி

அன்புள்ள ம.,

கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். போன வாரம் நானும் அதே நாவலின் அதே பக்கங்களைத்தான் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தள்ளிவிட்ட பக்கங்களை.

வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2012-ல் பௌக்கர் என்ற நிறுவனம் அமெரிக்காவில் கணக்கெடுத்தபோது, 12 முதல் 17 வயதினருக்கென்று வெளியாகும் புத்தகங்களை வாங்குபவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதைத் தாண்டியவர்கள் என்று தெரியவந்தது. ஆக, உங்களுக்குத் துணைக்கு ஆள் நிறைய உண்டு. ஆனால் இந்த எண்ணைக் கொண்டுபோய் அந்தப் பெரியவரிடம் காட்டாதீர்கள். கூட்டம் இருக்கிறது என்பதற்காக நாம் ஒரு புத்தகத்தைப் படிப்பதில்லை. அவர் கேட்டதையும் விட்டுவிடுங்கள். அவர் அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். எழுபது புத்தகம் படித்தவர், மூன்று வருடம் ரயிலில் தூக்கத்தை விட்டுப் படித்தவர், "டைம்பாஸுக்குத்தான் சார்" என்று எப்படிச் சொன்னீர்கள்? உங்களுக்குப் பிடித்த ஒன்றை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உறுத்துவது அவருடைய கேள்வி இல்லை, நீங்கள் சொன்ன பதில்.

சரி, அந்தப் பக்கங்களுக்கு வருகிறேன்.

சுசான் காலின்ஸின் அந்த நாவல் 2008-ல் வந்தது. இரவில் தொலைக்காட்சியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் இராக் போர்க் காட்சிகள், இரண்டும் மனதுக்குள் கலந்து போனதில் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதனால் அந்த நாவல் தொலைக்காட்சியைப் பற்றியது, போட்டியைப் பற்றியது என்று ஆகிவிட்டது. பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, ஒருவரை ஒருவர் கொல்லும் போட்டிக்கு அனுப்பி, அதைத் தொலைக்காட்சியில் காட்டும் நாடு அது. அந்த நாட்டின் பெயரைப் பாருங்கள். பானெம். லத்தீனில் ரொட்டி. மக்களுக்கு ரொட்டியும் கேளிக்கையும் கொடுத்துவிட்டால் போதும், வாயைத் திறக்க மாட்டார்கள் என்ற பழைய ரோமானிய வாசகத்திலிருந்து எடுத்த பெயர். நீங்கள் கேளிக்கையை வைத்துக்கொண்டு ரொட்டியைத் தள்ளிவிட்டீர்கள்.

முதல் அத்தியாயத்தில் ஒரு கணக்கு வருகிறது. வங்கியில் வேலை செய்கிறவர் அதைத் தாண்டிப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. நாமே போட்டுப் பார்ப்போம்.

பன்னிரண்டு வயதானால் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குலுக்கல் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சீட்டாக விழும். வருடத்துக்கு ஒன்று கூடும். பதினெட்டில் ஏழு. எல்லாருக்கும் ஒரே மாதிரி, நியாயமான ஏற்பாடு போலத்தான் தெரிகிறது. ஆனால் வீட்டில் பட்டினி என்றால் ஒரு வழி உண்டு. இன்னொரு சீட்டில் உன் பெயரை எழுதிப் போடு, ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு அரையும் குறையுமாகத் தானியமும் எண்ணெயும் தருகிறோம். இதற்கு டெசரா என்று பெயர். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தடவை வாங்கலாம். போட்ட சீட்டு எதுவும் அடுத்த வருடம் கழியாது, மேலே மேலே சேரும்.

கதாநாயகி காட்னிஸுக்குப் பதினொரு வயதில் அப்பா நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் செத்துப்போகிறார். அம்மா துக்கத்தில் முடங்கிப்போகிறார். தங்கை ப்ரிம் சின்னவள். பன்னிரண்டு வயதானதும் காட்னிஸ் தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, ப்ரிம்முக்கு ஒன்று என்று மூன்று டெசரா வாங்குகிறாள். கட்டாயச் சீட்டோடு சேர்த்து நான்கு. வருடம் நான்கு வீதம் ஐந்து வருடம். கதை தொடங்கும்போது பதினாறு வயதில் அவள் பெயர் இருபது சீட்டில் இருக்கிறது. அவளோடு வேட்டைக்குப் போகும் பதினெட்டு வயது நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர். வருடம் ஆறு, ஏழு வருடம், நாற்பத்திரண்டு. ஆசிரியர் இந்த எண்களை வாய்க்கு வந்தபடி போடவில்லை. பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது.

ப்ரிம் பெயரில் ஒரே ஒரு சீட்டு. அவளை டெசரா வாங்க அக்கா விடவில்லை. அந்த ஒற்றைச் சீட்டுதான் கையில் வருகிறது. காட்னிஸ் கத்திக்கொண்டே முன்னால் ஓடி, நான் போகிறேன் என்கிறாள். எல்லாருக்கும் கண் கலங்கும் இடம். உங்களுக்கும் கலங்கியிருக்கும். ஆனால் தங்கைக்காக அவள் முன்வந்தது அன்றைக்கு இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால், பன்னிரண்டு வயதில், ப்ரிம்முக்கான தானியத்துக்காகத் தன் பெயரை இன்னொரு சீட்டில் போட்டாளே, அன்றைக்கே முன்வந்துவிட்டாள். அப்போது மேடை இல்லை, கேமரா இல்லை, யாரும் பார்க்கவில்லை. மேடையில் நடந்ததை மட்டும் படித்தால் அவள் துணிச்சல்காரி என்றுதான் தோன்றும். கணக்கோடு படித்தால் அவள் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் என்று தெரியும். இதைத்தான் "மெதுவாகப் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவள் முன்வந்ததும் ஊரே மூன்று விரலை உதட்டில் தொட்டு அவளை நோக்கி நீட்டுகிறதே, அதுவும் இந்தப் பக்கங்களில்தான் வருகிறது. நேசித்த ஒருவருக்கு விடைகொடுக்கும் அந்த ஊரின் பழைய சைகை, சாவு வீட்டில் எப்போதாவது காண்பது. 2014-ல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் தெருவில் நின்று தூக்கியது இந்த மூன்று விரல்களைத்தான். அதற்காகக் கைதானவர்கள் உண்டு. 2021-ல் மியான்மரிலும் அதே விரல்கள் உயர்ந்தன. பிள்ளைகள் புத்தகம்!

இப்போது நான் போன வாரம் நின்றுபோன இடத்தைச் சொல்கிறேன்.

குலுக்கல் நாள் காலையில் காட்னிஸும் கேலும் காட்டில் பறித்த ஸ்ட்ராபெரிப் பழங்களை மேயர் வீட்டுப் பின்கதவில் விற்கப் போகிறார்கள். கதவைத் திறக்கிறவள் மேயர் மகள் மேட்ஜ். வெள்ளை உடுப்பு போட்டிருக்கிறாள். காட்னிஸோடு பள்ளியில் ஒன்றாக உட்காருகிற பெண். கேல் அவளிடம் சுள்ளென்று கேட்கிறான்: உன் பெயர் எத்தனை சீட்டில் இருக்கும், அஞ்சா? எனக்குப் பன்னிரண்டு வயசிலேயே ஆறு. அவள் முகம் மூடிக்கொள்கிறது. பழத்துக்குக் காசு கொடுத்து, நல்லபடியா நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். சின்னக் காட்சிதான்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1984-ல் பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்தது. 1985-ல் நான் ஆறாம் வகுப்பு. அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்ததும், "சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?" என்று வாத்தியார் கேட்பார். சாப்பிடுகிறவர்கள் கை தூக்க வேண்டும். எண்ணிக்கையை எழுதிச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்புவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தினமும் கை தூக்குவான். முழுக்கத் தூக்க மாட்டான், தோள் வரைக்கும். கணக்கில் வகுப்பிலேயே அவன்தான் முதல். மஞ்சப்பையில் புத்தகத்தோடு அலுமினியத் தட்டு இருக்கும். பையைக் கீழே வைத்தால் தட்டு சத்தம் போடும். அதனால் தட்டைத் துணியில் சுற்றி, பையை மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைப்பான். ஏன் இப்படி வைக்கிறான் என்று நான் யோசித்ததில்லை.

என்னிடம் டிபன் பாக்ஸ். என் அப்பாவுக்கு மாதச் சம்பளம். ஒரு நாள் மத்தியானம், "அந்தச் சோத்துல புழு கெடக்குமாமே, எப்படிடா திங்கிறே?" என்று கேட்டேன். வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டு வந்து கேட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டான். பத்தாவது வரைக்கும் ஒரே வகுப்புதான். என்னோடு பேசினான், கணக்கு சொல்லிக்கொடுத்தான். பக்கத்தில் மட்டும் உட்காரவே இல்லை.

டெசராவையும் சத்துணவையும் நான் ஒன்றாக வைப்பதாக நினைத்துவிடாதீர்கள். பதிலுக்கு எதையும் கேட்காமல் போட்ட சோறு அது. எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தியது என்று அந்தக் காலத்தில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு எதிராக யாராவது பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். சோற்றில் குறை இல்லை. கை தூக்கச் சொன்ன அந்த ஒரு நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பிரிந்ததன் இந்தப் பக்கத்தில் நான் இருந்தேன், இருந்ததே தெரியாமல் இருந்தேன். டெசரா என்பதே பட்டினி கிடப்பவனும் ராச்சோறு உறுதியாக உள்ளவனும் ஒருவரை ஒருவர் நம்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று கேல் காட்டில் கத்துவான். காட்னிஸுக்கு அது நினைவுக்கு வருவது மேட்ஜ் வீட்டுக் கதவு சாத்திய பிறகுதான்.

அந்த நாவலை முதல் தடவை படித்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. எல்லாரையும் போல நானும் காட்னிஸாகவே படித்தேன். வில் என் கையில் இருந்தது. இந்தத் தடவைதான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மனம் வளராததன் அடையாளமா என்று கேட்டீர்கள். பதினாலு வயதுப் பிள்ளை காட்னிஸாகத்தான் படிக்க வேண்டும், அது அதன் உரிமை. 34 வயதில் உங்களுக்கு அந்தக் கதையில் வேறு இடங்களும் இருக்கின்றன. லோயிஸ் லோரியின் 'தி கிவ்வர்' நீங்கள் கட்டாயம் படித்திருப்பீர்கள், 1993-ல் வந்தது. அதில் ஜோனஸ் என்ற சிறுவனின் அப்பா கைக்குழந்தைகளைப் பராமரிக்கிற வேலையில் இருப்பவர். அத்தனை அன்பானவர். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததற்கு ஊசி போட்டு, பெட்டியில் வைத்துக் குழாய்க்குள் தள்ளி, கொஞ்சுகிற குரலில் டாட்டா சொல்கிறார். பையன் திரையில் அதைப் பார்த்து உடைந்துபோகிறான். பிள்ளைகள் ஜோனஸோடு சேர்ந்து அழுவார்கள். எனக்கு அந்த அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிறார், பிள்ளையைக் கொஞ்சுகிறார். நானும் தினமும் ஆபீஸ் போய் வந்தவன்தான். இந்த வகை நாவல்களில் பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய நாற்காலி அதுதான். அதில் உட்கார்ந்து படிக்கிறவரைப் பார்த்து மனம் வளரவில்லை என்று யார் சொல்ல முடியும்?

ஃபேன்டஸி பற்றித் தனியாக எழுதுகிறேன். அர்சுலா லெ குயினின் எர்த்ஸீ நாவல்களைத் தொட்டால் இன்னொரு கடிதம் ஆகிவிடும்.

ஐந்து புத்தகங்கள் சொல்ல மாட்டேன். தீவிர இலக்கியம் என்பது அடுத்த ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இறங்கி ஏறத் தேவையில்லை. நாளைக் காலை ரயிலில் அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து எடுங்கள். காட்னிஸுக்காக ப்ரிம் வைத்துவிட்டுத் தூங்கப் போன ஆட்டுப்பால் சீஸ் இருக்கும். பேசில் இலையில் சுற்றி வைத்திருப்பாள், நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலைதான் அது. பிறகு கேல் ஒரு அணிலைக் கொடுத்து வாங்கிவந்த ரொட்டி. டெசரா தானியத்தில் சுட்ட முரட்டு ரொட்டி இல்லை, பேக்கரியில் வாங்கிய நிஜ ரொட்டி, இன்னும் சூடாக. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போங்கள். போட்டிக் களத்தில், குட்டிப் பெண் ரூ செத்த பிறகு, அவள் ஊரான பதினோராம் மாவட்டத்துக்காரர்கள் காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புவார்கள். விதை தூவிய, பிறை வடிவச் சின்ன ரொட்டி. தங்கள் ஊர்ப் பிள்ளைக்கென்று பட்டினி கிடந்து சேர்த்த காசில் வாங்கியது.

இந்தத் தடவை அந்த இடம் வரும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள்.