பற்றரி புதுசு, ஆனாலும் டக் டக் சத்தம்: ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: உப்புவெளியில் கடற்கரையை ஒட்டி வீடு. 2008ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் புதுப் பற்றரி போட்டேன். விடியக்காலையில் திறப்பைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, டாஷ்போர்ட் லைட்டும் மங்குகிறது. பற்றரிக் கடையில் மீட்டர் வைத்துப் பார்த்து, 12.6 வோல்ட், பற்றரி நல்லது என்கிறார்கள். பக்கத்து வீட்டு வானில் இருந்து கேபிள் கொடுத்தால் உடனே பிடிக்கிறது. கராஜில் ஸ்டார்ட்டர் மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பதில்: தம்பி, காசைக் கொடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள். வானில் இருந்து கரண்ட் வந்ததும் எஞ்சினைச் சுற்றியது அதே ஸ்டார்ட்டர்தானே? விடாமல் டக் டக் என்று அடித்தால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போதவில்லை. ஒரேயொரு கனத்த 'டக்' கேட்டு, லைட்டும் மங்காமல் நின்றால்தான் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் செப்புத் துண்டுகள் தேய்ந்துவிட்டனவோ என்று நான் பார்ப்பேன்.

என் சந்தேகம் பற்றரி டெர்மினலிலும், பற்றரி மைனஸை எஞ்சினோடும் காரின் உடம்போடும் இணைக்கும் எர்த் வயரிலும்தான். கடை மீட்டர் 12.6 காட்டியது சும்மா நிற்கும் பற்றரியில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150 அம்பியர் அளவில் இழுக்கும். டெர்மினலில் பூத்த களிம்பு வெறும் 0.01 ஓம் தடை கொடுத்தாலே 1.5 வோல்ட் அந்த இடத்திலேயே போய்விடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வாகனங்களில் இது எனக்குப் பழகிய நோய். உப்புக் காற்று படிந்த இடம் இரவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை ஒரு மீன் லொறியின் எர்த் வயரைக் கழற்றினேன். கறுப்பு உறை புதுசு மாதிரிப் பளபளத்தது. பிளேடால் கீறினால், உள்ளே கம்பி இல்லை, பச்சைப் பொடி கொட்டியது. அதற்கு முன் அந்த லொறிக்கு இரண்டு பற்றரி மாற்றியிருந்தார்கள்.

நீங்களே பார்க்கலாம். மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கியர் பார்க்கில், ஹாண்ட் பிரேக் இழுத்து, வீட்டில் ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். எஞ்சின் பிடித்துவிடக்கூடும், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் பற்றரியின் ஈயக் குமிழ்களிலேயே வைத்துப் பாருங்கள், கிளிப்பில் அல்ல. திறப்பைத் திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பெரும்பாலும் பற்றரிதான் பிழை, வாரண்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள். 12க்குக் கிட்ட நின்றபடியே டக் டக் கேட்டால் அடைப்பு வெளியே. அடுத்து ஒரு முனையை மைனஸ் குமிழிலும் மற்றதை அதே குமிழைக் கவ்வும் கிளிப்பிலும் வையுங்கள். திறப்பைத் திருப்பும்போது கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். பிளஸ் பக்கமும் அப்படியே. பிறகு மைனஸ் குமிழில் இருந்து எஞ்சினின் சுத்தமான இரும்புக்கு: 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, அரை வோல்ட் தாண்டினால் எர்த் வயரை மாற்றுங்கள்.

துப்புரவு செய்யும்போது மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். மாறிச் செய்து ஸ்பனர் காரின் பொடியில் (இரும்பு உடம்பில்) பட்டால் பெரிய பொறி பறக்கும். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, கிளிப்பின் உள்பக்கம் ஈயம் மின்னும்வரை அரத்தாள் போடுங்கள். இறுக்கிய பிறகுதான் மேலே வாஸ்லின். எஞ்சினிலும் பொடியிலும் எர்த் பூட்டும் நட்டுகளையும் இதேபோலச் செய்ய வேண்டும். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கார் பிடித்ததும் பற்றரியில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஓல்டனேட்டர் சார்ஜ் பண்ணுகிறது. ஓல்டனேட்டரைச் சோதிக்கிறேன் என்று எஞ்சின் ஓடும்போது பற்றரி டெர்மினலைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். பழைய வண்டிகளில் செய்த பழக்கம் அது. உங்கள் காரில் அந்த நேரம் எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும்.

எல்லா அளவும் சரியாக வந்த பிறகும் டக் டக் நிற்காவிட்டால், மீட்டர் காட்டிய இலக்கங்களை ஒரு துண்டில் எழுதிக் கராஜுக்குக் கொண்டுபோங்கள். அப்போது ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம்.